கட்டில்மேல் துறைமுகம்

ஆனைக்குட்டம்
8.6.2025

தங்கச்சி வேலுத்தாய்க்கு,

அண்ணன் சுடலை எழுதுகிறேன். நானும் உன் மதினி பொன்மணியும் சுகம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது, உன் மகன், என் மருமகன் பிரபாகரன் வேளைக்குச் சாப்பிடுகிறானா என்பதைத் தெரிவிக்கவும்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று அவன் போன தடவை வந்தபோது சீட்டில் எழுதிக் காட்டினான். அவனுக்கு நீயே சொல். பட்டாசுக் கம்பெனி வெடித்த அன்று பிள்ளையைத் தேடி உள்ளே ஓடினேன். இரண்டாவது வெடியில் காது இரண்டும் போயிற்று. விரல் நுனியில் ரேகை வெந்து போனதால் போன் கண்ணாடி என் விரலை விரல் என்றே ஒப்புக்கொள்வதில்லை. பேனாதான் ஒப்புக்கொள்கிறது. ஆகவே தபால்காரர் நடக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பரண் மேல் நம் பிள்ளை வேல்விழியின் அட்டைப்பெட்டி ஒன்று அகப்பட்டது. உள்ளே பாதி செய்த தோணி. மருந்து தோய்க்காத வெள்ளைத் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக ஒட்டி, அடிப்பாகமும் ஒரு பக்கமும் முடித்திருக்கிறாள். பட்டாசுக் கம்பெனியில் திரி சுற்றிவிட்டு வந்த கையால் இதையும் செய்திருக்கிறாள். கடலையே பார்க்காத பிள்ளை, பிரபாகரன் அனுப்பின போட்டோக்களைப் பார்த்து.

அதை முடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். தோணி இருந்தால் நிற்க ஒரு துறைமுகம் வேண்டும். துறைமுகத்துக்கு ரயில் வேண்டும். கப்பல் சமையல்காரன் ஒருவன் விட்டுப்போன பொம்மை ரயில் செட்டைப் பிரபாகரன் பொங்கலுக்குக் கொண்டு வந்து கொடுத்தானே, அது சும்மாதான் கிடந்தது. இப்போது வேல்விழியின் கட்டில்மேல் பலகை போட்டுத் தண்டவாளம் பதித்திருக்கிறேன். கால்மாட்டில் விருதுநகர் ஸ்டேஷன், தலைமாட்டில் உங்கள் தூத்துக்குடித் துறைமுகம். உன் மதினி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்பதில் ஒரு சௌகரியம்.

நிஜத்தில் எண்பத்தேழு அடி என்றால் இங்கே ஓர் அடி. அதுதான் அந்த ரயிலின் கணக்கு. அளவு தப்பினால் தோணி ரயிலை விழுங்கிவிடும். ஆகவே பழைய துறைமுகத்தில் நிற்கிற தோணி ஒன்றின் நீளம் அகலம் அளந்து எழுது.

இப்படிக்கு
அண்ணன் சுடலை


தூத்துக்குடி
22.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வேலுத்தாய் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். மதினியின் சளி விட்டதா? மழைக்கு முன்னால் கூரைத் தகரத்தை மாற்றிவிடுங்கள்.

நீங்கள் கேட்டபடி தோணியை அளந்துவிட்டேன். டேப்பு எட்டவில்லை. கொடிக்கயிற்றை எடுத்துக்கொண்டு போய், ஒரு முனையைக் கரையில் உள்ள இரும்புக் குற்றியில் கட்டி, மறுமுனையோடு தோணி ஓரமாக நடந்தேன். முடிச்சுப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன், பிரபா அளந்தான். நீளம் தொண்ணூற்றாறு அடி. அகலம் இருபத்திநாலு. பாய்மரத்தை அங்கே இருந்தவர்கள் கண்மதிப்பாக எழுபது அடி என்றார்கள்.

தண்ணீருக்கு நீலம் அடித்துவிடாதீர்கள். துறைமுகத் தண்ணீர் பச்சையும் சாம்பலும் கலந்து, மேலே எண்ணெய் மினுக்கோடு இருக்கும்.

இனி என்னை அங்கே போகச் சொல்ல வேண்டாம் அண்ணே. முட்டி வலிக்கிறது. மற்ற விவரம் எது வேண்டுமானாலும் பிரபாவைக் கேட்டு எழுதுகிறேன்.

பொங்கலுக்கு நீங்கள் அனுப்பின சீர் மஞ்சள் இன்னும் இருக்கிறது. பிள்ளை நம்மை விட்டுப் போன வருஷம்கூட நீங்கள் சீர் நிறுத்தவில்லை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து இருக்கிறேன்.

உங்கள் தங்கை
வேலுத்தாய்


ஆனைக்குட்டம்
10.7.2025

தங்கச்சி வேலுத்தாய்க்கு,

இங்கு சுகம். உன் கால்வலிக்குச் சூடாக எண்ணெய் தேய்க்கவும். கூரைத் தகரம் மாற்றியாயிற்று, இனி அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

உன் அளவு வந்து தோணி முடிந்தது. ஓர் அடி, ஒன்றேகால் அங்குலம். பிள்ளை கண்ணால் பார்த்துப் போட்ட அடிப்பாகம் உன் கயிற்றளவுக்குச் சரியாக இருக்கிறது, நூலிழை தப்பவில்லை. நான் வேலை பார்த்த அச்சாபீசில் இரண்டு காலண்டர் சீட்டு கேட்டு வாங்கினேன். முருகனுக்குப் பின்னால் கடல் அச்சடித்தது, கலர் விலகிப்போய்ப் பச்சையாக வந்த சீட்டு. முருகனை மரியாதையாக வெட்டி எடுத்துவிட்டுக் கடலை மட்டும் ஒட்டி, மேலே மூன்று கோட்டு வார்னிஷ். உங்கள் எண்ணெய் மினுக்கு வந்துவிட்டது. பெரிய கப்பல் ஒன்றுக்கும் அட்டை வெட்டி வைத்திருக்கிறேன், அடியில் சிவப்பு, மேலே கறுப்பு.

ஸ்டேஷனுக்கு ஆட்கள் செய்தேன். குச்சியில் பாதிகூட வராது ஓர் ஆள். டீக்காரர் ஒருவர், போர்ட்டர் ஒருவர். பிளாட்பார ஓரத்தில் மாம்பழக் கலர் சுடிதாரில் ஒரு பிள்ளை, காலடியில் ரோஸ் பை. அது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் ரயில்வே கேட், அங்கே நம் ஊர்ப் பட்டாசுக் கம்பெனி வேன் நிற்கிறது. நிஜத்தில் இவ்வளவு பக்கம் இல்லை, கட்டிலில் இடம் அவ்வளவுதான்.

பைக்கு அளவு பார்க்க அவளுடைய நிஜப் பையை மதினி எடுத்துத் தந்தாள். இந்த மூன்று வருஷத்தில் நாங்கள் அதைத் திறந்ததில்லை. இரண்டு சுடிதார், ஓர் இஞ்சு டேப், உனக்கு வாங்கின பால்கோவா. பால்கோவா கல்லாகிவிட்டது.

கம்பெனி வெடித்த அந்த வியாழக்கிழமை அவள் உன் வீட்டுக்குத்தானே வருவதாக இருந்தாள்? தோணியை நேரில் அளக்க வேண்டும், கப்பல் பார்க்க வேண்டும் என்று லீவு சொல்லியிருந்தாள். நான் காலை ஷிப்டுக்கு அச்சாபீஸ் போகும்போது இந்தப் பை வாசலில் இருந்தது. பிறகு ஏன் வேனில் ஏறினாள்? அவள் வேனில் போனதையே, வெடித்த பிறகு மதினி சொல்லித்தான் அறிந்தேன்; காரணம் மதினிக்கும் தெரியவில்லை. உனக்கு ஏதாவது தெரியுமா?

இப்படிக்கு
அண்ணன் சுடலை


தூத்துக்குடி
2.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஆடிக்காற்று இங்கே மண்ணை வாரிக் கண்ணில் போடுகிறது. தோணிகள் எல்லாம் கரையோடு கட்டிக் கிடக்கின்றன. பிரபாவுக்குக் கப்பலை இழுத்து வரும் டக்குப் படகில் வேலை கூடிவிட்டது.

கிரேன்களின் போட்டோ நாலு வைத்திருக்கிறேன். பெரிய கிரேனுக்கு மஞ்சள் என்று நினைக்காதீர்கள், வெயிலில் வெளுத்துப்போன மஞ்சள். இங்கே தெருக்குழாயில் ஒரு வாரமாகத் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டு சொர்ணலட்சுமிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், ஹர்ஷினி என்று பேர் வைத்திருக்கிறார்கள். மதினிக்குக் கருவாடு அனுப்புகிறேன், நெத்திலிதான் நன்றாக இருந்தது.

பெரிய கப்பலுக்கு நங்கூரம் வைக்க மறந்துவிடாதீர்கள். வேறு விசேஷம் இல்லை.

உங்கள் தங்கை
வேலுத்தாய்


ஆனைக்குட்டம்
14.8.2025

தங்கச்சி வேலுத்தாய்க்கு,

சுகம். கருவாடு வந்தது. மதினி உன்னை வாயாரப் புகழ்ந்தாள் என்று அவள் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கிரேன் நிற்கிறது, நங்கூரமும் வைத்துவிட்டேன். சோப்பு டப்பாக்களை ஒட்டி ஒரு டக்கும் செய்திருக்கிறேன், மருமகனைப் பார்க்கச் சொல்.

ஒரு சங்கதி. போன வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் தயிர் வாங்கிவிட்டு வந்து பார்த்தேன். பிளாட்பாரத்தில் ரோஸ் பை மட்டும் இருந்தது. பிள்ளை இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில், வேன் படிக்கட்டு அருகில் நின்றாள். எலி தட்டியிருக்கும் என்று எடுத்து வைத்தேன். எலி தட்டினால் விழும், நிற்காது என்று பிறகுதான் தோன்றியது. மறுநாள் பசை போட்டு ஒட்டினேன். வெள்ளிக்கிழமை மறுபடியும் வேன் பக்கம். பசை பிளாட்பாரத்தில் இரண்டு சின்னப் பாதமாக அப்படியே இருக்கிறது.

மதினியைக் கேட்டேன். "நான் அந்தக் கட்டில் பக்கமே போறதில்லைங்க" என்று சீட்டில் எழுதித் தந்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

நான் பயப்படவில்லை. என் பிள்ளையிடம் எனக்கு என்ன பயம். ஆனால் மனசு தாங்கவில்லை வேலுத்தாய். ரயில் வரும் முன்னால் அவள் வேனுக்குப் போய்விடுகிறாள்.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். வேலை மும்முரத்தில் மறந்திருப்பாய். அந்த வியாழக்கிழமை விஷயம்.

இப்படிக்கு
அண்ணன் சுடலை


தூத்துக்குடி
20.9.2025

அண்ணனுக்கு,

எனக்குக் காய்ச்சல். அதனால்தான் தாமதம். இப்போது தேவலை. உங்கள் உடம்பையும் மதினியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொம்மையை எடுத்துவிடுங்கள் அண்ணே. கப்பல், ரயில், கிரேன் எல்லாம் இருக்கட்டும். அதை மட்டும் எடுத்து ஆனைக்குட்டம் அணையில் விட்டுவிடுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

வேலுத்தாய்


ஆனைக்குட்டம்
9.10.2025

தங்கச்சி வேலுத்தாய்க்கு,

இங்கு இருவரும் இருக்கிறோம். காய்ச்சல் முழுக்க விட்டதா என்று எழுதவும்.

திங்கட்கிழமை பிள்ளைக்கு வருஷத் திதி கும்பிட்டோம். பாண்டிச்செல்வி பூ கொண்டு வந்தாள். எங்கள் தெருவில் கடைசி வீட்டுப் பெண், வேல்விழிக்கு இரண்டு வயது இளையவள். வந்தவள் கட்டிலைப் பார்த்தாள். வேனைப் பார்த்தாள். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு, உனக்கு மறந்திருக்கலாம். தீபாவளி சீசனில் ஒருத்தி லீவு போட்டால் வேனில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவாள், திரும்பக் கிடைக்காது. அதனால் தனக்குப் பதிலாக நம்பிக்கையான ஒருத்தியை அனுப்பிவிட்டுத்தான் போவார்கள். போர்மேனும் கண்டுகொள்ள மாட்டார். அந்த வியாழக்கிழமை வேல்விழிக்குப் பதிலாகப் போவதாக இருந்தவள் இந்தப் பாண்டிச்செல்வி. அவள் பேசினதை மதினி அப்படியே எழுதித் தந்தாள். இதோ:

"நான் வேன் ஏறத் தூக்குவாளியோட நிக்கேன் மாமா. அக்கா ஓடியாந்து, 'நீ வீட்டுக்குப் போ பிள்ள, நான் ஊருக்குப் போகல'ன்னு வாளியப் புடுங்கிட்டாக. ஏன்க்கான்னு கேட்டேன். 'நேத்து சாயங்காலம் போன் வந்துச்சு, வர வேண்டாம்னுட்டாக'ன்னாக. கண்ணு வீங்கியிருந்துச்சு. என் வாளியத்தான் மாமா கொண்டு போனாக. என் சோத்தத்தான் கொண்டு போனாக."

மூன்று வருஷமாக இதைச் சொல்லப் பயந்து, எங்கள் வாசலைக் கடக்காமல் சுற்றிப் போயிருக்கிறாள் அந்தப் பெண். மதினி அவளைக் கட்டிக்கொண்டு சாப்பிட வைத்து அனுப்பினாள்.

வர வேண்டாம் என்று சொன்னது யார்? பிரபாகரன் சொல்லியிருக்க மாட்டான். வேலுத்தாய், நீ சொன்னாயா? ஏன்?

பொம்மையை அணையில் விடச் சொன்னாய். முடியாது. ஒரு தடவை விட்டது போதும்.

சுடலை


ஆனைக்குட்டம்
28.10.2025

தங்கச்சி வேலுத்தாய்க்கு,

தீபாவளி போயிற்று. ஊரெல்லாம் வெடித்திருக்கும், எனக்குத் தெரியாது. ஜன்னல் கம்பியில் கை வைத்திருந்தேன், கம்பி அதிர்ந்தது.

தபால்காரர் என்னைக் கண்டால் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டுகிறார். பதில் எழுத வேண்டாம். உயிரோடு இருக்கிறாயா என்று மட்டும் ஒரு கார்டு போடு. எனக்குக் கூடப் பிறந்தது நீ ஒருத்திதான்.

சுடலை


தூத்துக்குடி
9.11.2025

அண்ணனுக்கு,

வேலுத்தாய் எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான்தான் சொன்னேன்.

பிரபாவுக்கும் வேல்விழிக்கும் பிரியம் என்று எனக்கு அந்த ஆவணியிலேயே தெரியும். தோணிப் படம் அனுப்புகிற சாக்கில் இரண்டும் பேசிக்கொண்டிருந்தன. முறைப்பெண்தான், கேட்டு வர வேண்டியவள் நான்தான். ஆனால் என் புத்தி போன போக்கைப் பாருங்கள். கோவில்பட்டியில் நர்சு படித்த பெண் ஒன்றைப் பேசி வைத்திருந்தேன். அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறோம் என்று சொன்ன நாள் அதே வியாழக்கிழமை. என் அண்ணன் மகளை வேண்டாம் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லாமல் பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு வராத தாயி. பிரபாவுக்குப் பொண்ணு வீட்டுலருந்து வாராக. பட்டாசுக் கம்பெனிக்குப் போற பிள்ள வந்து நடுவீட்டுல நின்னா அவுக என்ன நெனப்பாக?" இதுதான் நான் சொன்னது. ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நீங்களும் நானும் தீப்பெட்டி ஒட்டி வளர்ந்தவர்கள் என்பதை அந்த ஒரு நிமிஷம் மறந்துபோனேன்.

அப்புறம், "சரிங்கத்தே. அப்பாகிட்ட சொல்லிராதீக, வருத்தப்படும். நான் ஏதாச்சும் சொல்லிக்கிடுதேன்" என்றாள். மறுநாள் பத்தரை மணிக்கு டி.வி.யில் உங்கள் கம்பெனிப் பேர் ஓடியது. பெண் வீட்டார் கையில் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

பிள்ளை சொல்ல வேண்டாம் என்றாளே என்று அதையே பிடித்துக்கொண்டு மூன்று வருஷம் ஒளிந்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் தோணி அளந்தேனே, அன்று கயிற்று முனையைக் குற்றியில் கட்டிவிட்டு இழுத்துக்கொண்டே நடந்தேன். கயிறு தொய்யாமல் விறைப்பாக வந்தது. தோணிக்காரர் ஒருவர், "யக்கா, அந்தப் பக்கம் கயித்தப் புடிச்சிருந்துச்சே மாம்பழக் கலர் சுடிதாரு, அது ஒங்க மகளா?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. குற்றியில் போட்ட முடிச்சு அவிழ்ந்து தரையில் கிடந்தது. நீங்கள் பொம்மைக்கு என்ன கலர் தீட்டப் போகிறீர்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. கட்டாத கயிறு எப்படி விறைத்து நின்றது அண்ணே? அதனால்தான் அங்கே போக மாட்டேன் என்றேன். முட்டிவலி பொய்.

பிரபாவிடம் நாலு நாளைக்கு முன் எல்லாம் சொன்னேன். சோற்றுத் தட்டை அப்படியே தள்ளிவிட்டுப் போனான். இன்னும் வீடு வரவில்லை.

இந்தப் பொங்கலுக்குச் சீர் வராவிட்டால் நான் புரிந்துகொள்வேன். தெருவில் கேட்டால், எனக்கு அண்ணன் இருந்தார், நான்தான் கெடுத்துக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

வேலுத்தாய்


ஆனைக்குட்டம்
10.1.2026

தங்கச்சி வேலுத்தாய்க்கு,

அண்ணன் சுடலை எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். பிரபாகரனும் சுகம், உன் கடிதத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே இங்கே வந்துவிட்டான். வாரம் ஒரு தடவை வந்து வந்து போகிறான். கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தோணிக்குப் பாயும் கயிறும் கட்டி முடித்தான். அவனைப் பொங்கலன்று வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். உன்னோடு பேசுவானா என்று எனக்குத் தெரியாது.

இரண்டு மாதம் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஒன்றில் இருந்த வார்த்தையை நீ படித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாய். உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். நர்சு படித்த பெண்ணைத் தேடினது தப்பில்லை, பெற்றவள் தேடுவாள். என் பிள்ளையை எனக்குத் தெரியாமல் கூனிக் குறுக வைத்தாயே, அது என்னால் ஆறவில்லை. ஆறும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் கம்பெனிக்கு அனுப்பினவன் நான். அவளைப் பட்டாசுக் கம்பெனிப் பிள்ளை ஆக்கினவன் நான்தானே. இதையும் உன்னைப் போலவே யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

உன் கடிதத்தை மதினிக்கு வாசித்துக் காட்டினேன், அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு. என் குரல் எனக்குக் கேட்காது, எவ்வளவு சத்தமாக வாசித்தேனோ தெரியவில்லை. தெருவே வாசலில் நின்றது. மதினி மூன்று நாள் பேசவில்லை. அது எனக்குக் கேட்டது.

நாலாம் நாள் காலையில் பார்த்தேன். பிள்ளை வேன் பக்கம் இல்லை. பிளாட்பாரத்தில் பழைய பசைத் தடத்தின்மேல் நின்றாள். காலடியில் இருந்த ரோஸ் பை தோளில் தொங்கியது. நான் மாட்டவில்லை. பொன்மணியைக் கேட்கவில்லை, பிரபாகரனையும் கேட்கவில்லை, இனிக் கேட்கவும் போவதில்லை. அன்றிலிருந்து இன்று வரை அங்கேயே நிற்கிறாள்.

ரயிலில் ஏற்றி அனுப்பலாம் என்று சுவிட்சில் கை வைத்தேன். கட்டில் ரயில் கட்டிலோடு நின்றுவிடும், அந்தத் துறைமுகத்தில் காலண்டர் தாளும் வார்னிஷும்தான் இருக்கிறது. அவள் கேட்டது நிஜக் கடல்.

ஆகவே இந்த வருஷம் பொங்கல் சீரோடு அவளையும் அனுப்புகிறேன். கரும்பு, மஞ்சள் குலை, பச்சரிசி, வெல்லம், உனக்குச் சேலை. எல்லாம் வழக்கமான அளவு. சேலை மடிப்புக்குள் ஒரு தீப்பெட்டி இருக்கும், பஞ்சு வைத்திருக்கிறேன், மெதுவாகத் திற. பக்கத்தில் புதிதாக வாங்கின பால்கோவா, உனக்குத்தான். பழைய துறைமுகத்துக்கு அவளைக் கொண்டு போ. கயிறும் எடுத்துக்கொள், தோணியை அவளே அளக்கட்டும்.

புதன்கிழமை புறப்பட்டால் வியாழக்கிழமை உன் வாசலுக்கு வந்துவிடுவாள். இந்தத் தடவை வர வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

இப்படிக்கு
அண்ணன் சுடலை